17 சரி போட்டவளுக்கு 612, 14 சரி போட்டவனுக்கு 641

கேள்வி, ஜூன் 8

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பயிற்சி மையம். பேர் வேண்டாம். பிளஸ் டூ போகிற என் மகளுக்கு இயற்பியலில் கம்ப்யூட்டர் டெஸ்ட் வைத்தார்கள், 30 கேள்வி. பக்கத்து வீட்டுப் பையனும் அதே அறையில் எழுதினான். இவளுக்கு 17 சரி, மதிப்பு 612. அவனுக்கு 14 சரி, மதிப்பு 641. 625க்கு மேலே இருந்தால் முதல் பேட்ச், கீழே இருந்தால் இரண்டாம் பேட்ச். அவன் முதல், இவள் இரண்டாம். கேட்டால் "இது அடாப்டிவ் டெஸ்ட், அப்படித்தான்" என்கிறார்கள். மூன்று கேள்வி கூடுதலாகச் சரி போட்டவள் கீழே போவது எந்த ஊர் கணக்கு?

ஜூன் 8, இரவு 10.40

கணக்கு சரிதான். நியாயமும்தான். முப்பது வருஷம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்திவிட்டு, இப்போது தக்கலை பக்கம் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறவன் சொல்கிறேன்.

குளச்சலில் மீன் நிறுக்கிற பழைய தராசை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கிலோ படிக்கல். மீன் தட்டு இறங்கினால் அரைக் கிலோ சேர்க்கிறான். கல் தட்டு இறங்கினால் ஒன்றை எடுத்துவிட்டுச் சின்னது வைக்கிறான். அடாப்டிவ் டெஸ்டும் அதுதான். சரி போட்டால் அடுத்தது கடினம், தப்பு போட்டால் அடுத்தது சுலபம். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விகள் வந்திருக்காது. அதனால் எத்தனை சரி என்பதை மட்டும் வைத்துப் பேச முடியாது; எந்த எடைக் கேள்விகளில் சரி என்று பார்க்க வேண்டும்.

டென்மார்க்கின் கணித அறிஞர் கியோர்க் ராஷ் 1960ல் புத்தகமாகப் போட்ட கணித மாதிரியில் இது ரொம்ப எளிமை. பிள்ளையின் திறனும் கேள்வியின் கடினமும் ஒரே அளவுகோலில். இரண்டும் சமம் என்றால் சரியாகப் போட வாய்ப்பு பாதி. திறன் ஒரு அலகு கூடினால் 73 சதவீதம், இரண்டு அலகு கூடினால் 88.

இனி உங்கள் கணக்கு. சரியைத் தப்பால் வகுத்து இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுங்கள். மகளுக்கு 17க்கு 13, அது 0.27. பையனுக்கு 14க்கு 16, அது கழித்தல் 0.13. வித்தியாசம் 0.40. அதாவது அவனுக்கு வந்த கேள்விகளின் சராசரிக் கடினம் இவளுடையதைவிட 0.4 அலகுக்கு மேல் இருந்தாலே அவன் முந்திவிடுவான். முந்தியிருக்கிறான். அவ்வளவுதான்.

ஜூன் 9, காலை 5.15

தூக்கம் வரவில்லை. "நியாயமும்தான்" என்று எழுதியது அவசரம். கணக்கு சரி என்பது வேறு, நியாயம் என்பது வேறு. வாத்தியாருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிற வியாதி உண்டு.

அம்மா, அந்த ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் இருக்கிறதா? அதில் 612க்குப் பக்கத்தில் ± என்று ஏதாவது?

ஜூன் 9, இரவு 9.20

இருக்கிறதாம். சின்ன எழுத்தில் ±37. பையனுக்கும் அதே ±37.

500ஐ நடுவாக வைத்து, ஒரு அலகுக்கு 100 புள்ளி என்று போட்டிருக்கிறார்கள் போல. எப்படித் தெரியும் என்றால், ராஷ் மாதிரியில் பொருத்தமான ஒரு கேள்வி கொடுக்கிற தகவல், அதாவது பிள்ளையின் திறனை அது எவ்வளவு காட்டிக்கொடுக்கிறது என்ற அளவு, அதிகபட்சம் கால் (0.25). 30 கேள்விக்கு 7.5. அதன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் 0.365, அதுதான் பிழை. நூறால் பெருக்கினால் 37. அச்சு அசலாகப் பொருந்துகிறது. மென்பொருள் எழுதியவர்கள் யோக்கியர்கள், பிழையை மறைக்கவில்லை. படிக்கத்தான் ஆள் இல்லை.

612, கூட்டல் கழித்தல் 37 என்றால் அவள் 575க்கும் 649க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். அதற்கு வெளியே இருக்கவும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பையன் 604 முதல் 678. இரண்டு பேரையும் ஒப்பிடுகிறபோது பிழை இன்னும் பெருகும்: 37ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், 52. இவர்களுக்கு நடுவில் உள்ள தூரம் 29. 52 பிழை உள்ள தராசில் 29 வித்தியாசம் பார்த்து ஒருத்தனை மாடிக்கும் ஒருத்தியைக் கீழே உள்ள அறைக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆக, 14 சரிக்கு 641 கொடுத்ததில் தப்பில்லை. 625 என்று கோடு போட்டதில்தான் தப்பு.

இந்தப் பிழையைப் பாதியாக்க எத்தனை கேள்வி வேண்டும் என்றால், 60 அல்ல, 120. நாலு மடங்கு. பிள்ளைகள் ஓடிவிடும்.

ஜூன் 11

"பப்ளிக் எக்ஸாமில் இந்த வம்பே இல்லை, எல்லாருக்கும் ஒரே தாள்" என்று ஒருவர் சொல்கிறார். ஒரே தாள் என்பது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் ± இருக்கிறது ஐயா, அச்சடிப்பதில்லை, அவ்வளவுதான். நம் மாநிலத்தில் 2006 சட்டத்தோடு பொறியியல் நுழைவுத்தேர்வு போய், பிளஸ் டூ கணிதம், அதோடு இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி சேர்த்து 200க்கு கட்-ஆஃப் என்று ஆனது. 187.5க்கும் 188க்கும் நடுவில் கல்லூரியே மாறுகிறது. அந்த அரை மார்க்கில் எவ்வளவு படிப்பு, எவ்வளவு திருத்தியவரின் கண்ணாடி என்று யாருக்குத் தெரியும்?

இன்னொருவர் என்ஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயினும் இதே மாதிரிதானே என்கிறார். இல்லை. அது கம்ப்யூட்டரில் நடக்கிற தேர்வு, அடாப்டிவ் அல்ல. ஒரு ஷிப்டில் உட்கார்ந்த எல்லாருக்கும் அதே 75 கேள்வி. ஷிப்டுக்கு ஷிப்டு தாள் மாறும். அதைச் சமன் செய்ய அந்தந்த ஷிப்டுக்குள் பெர்சன்டைல் (நமக்குச் சமமாகவோ கீழேயோ எத்தனை சதவீதம் பேர் என்ற கணக்கு) போடுகிறார்கள், ஏழு தசம இடம் வரைக்கும். ஏழு தசமம்! என் தாத்தா ரப்பர் பாலை அளந்தபோது இவ்வளவு நுணுக்கம் இல்லை, சண்டையும் இல்லை.

ஜூன் 14

அடாப்டிவ் டெஸ்டைத் திட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது நன்றாக வேலை செய்கிற இடத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

நம் குமரி மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டும். என் சித்தி மகள் குவைத்தில் இருந்துவிட்டு, அமெரிக்கா போக அங்கத்திய நர்ஸ் உரிமத் தேர்வான என்சிலெக்ஸ் எழுதினாள், சென்னையில். 1994லிருந்தே அது அடாப்டிவ். இப்போது குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. அவளுக்கு 85லேயே திரை நின்றுவிட்டது. "அண்ணா, மோசமா எழுதினேன் போல, பாதியிலேயே வெளியே அனுப்பிட்டாங்க" என்று எழும்பூரிலிருந்து போனில் ஒரே அழுகை. நான் கட்டன் சாயாவைக் கீழே வைத்துவிட்டு ஆறுதல் சொன்னேன், விவரம் தெரியாமலே. பாஸ்.

அந்தத் தேர்வு "இவள் எவ்வளவு" என்று கேட்பதே இல்லை. "கோட்டுக்கு மேலா, கீழா" என்று மட்டும் கேட்கிறது. 95 சதவீதம் உறுதியானால் நிறுத்திவிடுகிறது, மேலே என்றாலும் நிற்கும், கீழே என்றாலும் நிற்கும். உறுதி வராதவரை கேட்டுக்கொண்டே போகும். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கூடுதல் கேள்வி கொடுப்பதுதான் அங்கே மரியாதை. மார்த்தாண்டத்து மையம் 30ல் நிறுத்திவிட்டுக் கோடு போட்டது. 612க்கும் 641க்கும் இன்னும் கேட்டிருக்க வேண்டும். 450க்கும் 800க்கும் பத்தே கேள்வி போதும்.

அந்த 85ல் 15 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. புதுக் கேள்விகளின் கடினத்தை அளந்து பார்க்கச் செருகியவை. எது என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. அளக்காத கேள்வியைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற ஒழுங்கு இது. இந்த ஒழுங்கு நம் மையங்களில் இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

பழைய கதை ஒன்று: 1905ல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே பிள்ளைகளுக்குச் சோதனை வைத்தபோதும், பதிலைப் பார்த்து மேலே கீழே போகிற யோசனை அதில் இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததால் பிறந்த யோசனை அல்ல.

ஜூன் 15

மழை. கரண்ட் இல்லை. அடாப்டிவ் டெஸ்ட் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: அதுவரை போட்ட பதில்கள் சேமித்திருந்தால் தொடரும். சேமிக்காவிட்டால் குலசேகரம் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் இரண்டாம் பேட்ச்.

ஜூன் 19

"திரும்பிப் போய்த் திருத்த விடுவதில்லை, அதுதான் பெரிய அநியாயம்." இதை மூன்று பேர் எழுதிவிட்டார்கள். உண்மை. நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுத்த வழி என்ன? தாளை முழுக்க வாசி, தெரிந்ததை முதலில் எழுது, சந்தேகமானதற்குப் பக்கத்தில் புள்ளி வை, கடைசி இருபது நிமிஷம் திரும்பிப் பார். இது ஒரு திறமை. அடாப்டிவ் டெஸ்ட் இந்தத் திறமையைப் பிடுங்கிவிட்டு உட்காரச் சொல்கிறது.

ஏன் விடுவதில்லை? விட்டால் ஒரு தந்திரம் இருக்கிறது. வேண்டுமென்றே எல்லாம் தப்புப் போடு. கேள்விகள் சுலபமாகிக்கொண்டே வரும். கடைசியில் திரும்பிப் போய் அத்தனையையும் சரியாக மாற்று. 30க்கு 30. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் நானே செய்திருப்பேன்.

நடு வழியும் உண்டு. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதுகிற ஜிஆர்இ 1993லிருந்து கேள்விக்குக் கேள்வி மாறிக்கொண்டிருந்தது. 2011ல் பகுதிக்குப் பகுதி மாறும் முறைக்கு வந்தார்கள். முதல் பகுதி எல்லாருக்கும் நடுத்தரம், அதில் எப்படிப் போட்டாய் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம். அங்கே கல்லூரியில் சேர எழுதுகிற எஸ்ஏடி 2023ல் கம்ப்யூட்டருக்கு வந்தது, அதுவும் அப்படித்தான். துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பிள்ளைக்கு மூச்சு விட இடம் வாங்கியிருக்கிறார்கள். நல்ல பேரம்.

முதல் ஐந்து கேள்விதான் தலையெழுத்து என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் ஓடுகிறது. ராஷ் மாதிரியில் வரிசைக்கு மதிப்பில்லை: என்னென்ன கேள்வி வந்தது, எத்தனை சரி, இரண்டும் போதும். ஆனால் முதல் இரண்டைக் கவனக்குறைவாக விட்டவனுக்குக் கொஞ்ச நேரம் பொருத்தமில்லாத சுலபக் கேள்விகள் வரும். அவற்றால் பெரிய தகவல் கிடைக்காது. 30 கேள்வியில் ஏறிவிடலாம். பத்துக் கேள்வித் தேர்வில் ஏறி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஜூன் 22

பேசிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். ஏழு ஏத்தங்காய் சிப்ஸ் டப்பா, 1 முதல் 7 வரை நம்பர். சில வருஷமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: டியூஷனில் வைக்கிற நாலு விடைக் கேள்விகளில் எதை எத்தனை பேர் சரி போட்டார்கள் என்று. அதில் 84 கேள்வியை அட்டையில் எழுதி, கடினத்தைப் பார்த்து டப்பாவுக்குப் பன்னிரண்டாகப் பிரித்தேன். எல்லாரும் 4ம் டப்பாவில் தொடங்க வேண்டும். சரி என்றால் மேல் டப்பா, தப்பு என்றால் கீழ் டப்பா. 20 அட்டை. கம்ப்யூட்டர் நான்தான். மாடியில் வெயில் அடித்தால் இந்தக் கம்ப்யூட்டர் சூடாகும்.

இருபது பேருக்கும் குறைவான பதில்களை வைத்து அளந்த கேள்விகளும் இருக்கின்றன. முறையாகச் செய்கிறவர்கள் ஒரு கேள்விக்கு நூற்றுக்கணக்கான பேரின் பதிலைப் பார்ப்பார்கள். இது சிப்ஸ் டப்பா, அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

ஜூன் 29

எனக்கே தெரிந்த கணக்குதான், ஆனாலும் கண்ணால் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

எப்போதும் 95 வாங்குகிற பிள்ளை ஒருத்தி. 20ல் 11 சரி. அட்டைகளைத் திருப்பித் தந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. இரவு அவள் அம்மா போன்: "சாரே, பிள்ளை சாப்பிட மாட்டேங்குது, என்ன டெஸ்ட் வச்சீங்க?" அவள் 6க்கும் 7க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். அந்த அம்மாவுக்கு 11 மட்டும்தான் கேட்டது.

தேங்காப்பட்டணத்துப் பையன் ஒருவன், எப்போதும் முப்பதைத் தாண்டாதவன். 20ல் 10 சரி. 2க்கும் 3க்கும் நடுவில். "சாரே, பாதி சரி!" என்று மாடிப்படியில் குதித்துக்கொண்டு போனான். அடுத்த நாள் கால் மணி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். இவனுக்குப் பொதுத்தாளில் முதல் மூன்று கேள்வியிலேயே வயிறு கலங்கிவிடும். பிறகு தெரிந்ததையும் எழுத மாட்டான். இங்கே கேள்வி அவன் உயரத்துக்குக் குனிந்து வந்தது.

எல்லாருக்கும் பாதி தப்பு. இந்தத் தேர்வின் அச்சாணியே அது. அப்போதுதான் கேள்விக்குத் தகவல் அதிகம். ரொம்பச் சுலபமான, இரண்டு அலகு கீழே உள்ள கேள்வியில் தகவல் பாதிக்கும் குறைந்துவிடும். ஆனால் தேர்வுக்கு முன்னால் இதைப் பிள்ளையிடம் யாராவது சொல்கிறோமா? நானே சொல்லவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை வாழ்க்கையில் முதல்முறை பாதி தப்புப் போட்டுவிட்டு, தான் மக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

ஜூலை 2

டப்பா நம்பரை அழித்துவிட்டேன். "எனக்கு ஆறு, உனக்கு மூணு" என்று குளச்சல் பஸ்ஸில் பேச்சு தொடங்கிவிட்டதாம். வேறு ஒரு வினையும்: கேள்வி சுலபமாக வந்தால் "அப்போ போன பதில் தப்பு" என்று கண்டுபிடித்துச் சோர்ந்துவிடுகிறார்கள். இப்போது எல்லா டப்பாவும் என் முதுகுக்குப் பின்னால். பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்; நான் எந்தப் பக்கம் கை நீட்டுகிறேன் என்று பார்க்கிறார்கள்.

ஜூலை 6

மார்த்தாண்டத்து அம்மா மறுபடி எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒரு கேள்வி நன்றாக நினைவிருக்கிறதாம்: 400 மீட்டர் வட்டப் பாதையில் ஒருவன் ஒரு சுற்றை 80 விநாடியில் முடிக்கிறான், சராசரி வேகம் என்ன? அவள் 5 மீட்டர்/விநாடி என்று போட்டாள். தப்பு என்று வந்தது. விடை பூஜ்யமாம்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நம் தமிழ்வழிப் புத்தகத்தில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. திசைவேகம் என்று கேட்டிருந்தால் பூஜ்யம். தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டான், இடப்பெயர்ச்சி இல்லை. வேகம் என்று கேட்டால் 5தான். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். அந்தக் கேள்வியில் இயற்பியல் நன்றாகத் தெரிந்த தமிழ்வழிப் பிள்ளை தப்பு, ஆங்கிலத்தில் படித்த பிள்ளை சரி. திறன் சமமாக இருந்தும் ஒரு கூட்டத்துக்கு மட்டும் கேள்வி கடினமாவது, இதைத்தான் முறையான தேர்வுகளில் சல்லடை போட்டுத் தேடி எடுப்பார்கள். கேள்வியை ஆங்கிலவழிப் பிள்ளைகளை வைத்து மட்டும் அளந்திருந்தால் சல்லடையில் எதுவும் சிக்காது.

ஒரு கேள்விதானே என்று விடாதீர்கள். 17 சரி 18 ஆனால்? 18க்கு 12, மடக்கை 0.41. முன்பு 0.27. வித்தியாசம் 14 புள்ளி. 612 கூட்டல் 14, 626. கோடு 625.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 626தான்.

ஜூலை 6, இரவு

ஒரு திருத்தம். அந்தக் கேள்வியைச் சரி போட்டிருந்தால் அதற்குப் பிறகு வந்தவை மாறியிருக்கும், அதனால் 626 என்பது சுமாரான கணக்கு. முதலில் போட்ட தராசு உவமையும் தப்பு. படிக்கல் பொய் சொல்லாது. ஒரு கிலோ என்றால் எல்லாருடைய மீனுக்கும் ஒரு கிலோ. கேள்வி அப்படி இல்லை. தமிழ்வழிப் பிள்ளை உட்கார்ந்தால் எடை மாறுகிற படிக்கல்லும் உண்டு.

ஜூலை 9

கேள்வி வங்கி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பெரிதாக. 1994ல் அமெரிக்காவில் காப்லான் பயிற்சி நிறுவனம் தன் ஆட்களையே ஜிஆர்இ எழுத அனுப்பி, அவர்கள் மனப்பாடம் செய்துவந்த கேள்விகளைச் சேர்த்துக் காட்டியது. அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. கம்ப்யூட்டர் தேர்வைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். 2002ல் சீனா, தைவான், கொரியா பக்கம் கேள்விகள் இணையத்தில் உலவியதால் அங்கே காகிதத்துக்கே திரும்பினார்கள். அவ்வளவு பெரிய ஸ்தாபனத்துக்கே அந்தப் பாடு. நல்ல கேள்வி எது என்று கண்டதும் கம்ப்யூட்டர் அதையே எல்லாருக்கும் எடுக்கும். அதைத் தடுக்க, ஒரு கேள்வியை இத்தனை பேருக்கு மேல் காட்டாதே என்று கடிவாளம் போட வேண்டும்.

நாகர்கோவிலில் தேர்வு முடிந்து வருகிற பிள்ளையை வாசலிலேயே பிடித்து "என்ன மக்கா கேட்டான்?" என்று எழுதி வாங்குகிற வழக்கம் பழையது. இங்கே 300 கேள்வி வங்கி எத்தனை நாள் தாங்கும்? இரண்டு சனிக்கிழமை.

வங்கியைக் காக்க ரகசியம் வேண்டும். ரகசியம் என்றால் பிள்ளை தன் தாளைத் திரும்பப் பார்க்க முடியாது. ஜேஇஇ மெயினில் தாள் வெளியாகும், விடைக்குறிப்பு வெளியாகும், ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி "உன் விடை தப்பு" என்று வழக்காடலாம். மார்த்தாண்டத்துப் பிள்ளைக்கு வழக்காட ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது.

ஜூலை 10

அம்மா எழுதினார்: வற்புறுத்திக் கேட்டதில் மகளை மறுபடி எழுத விட்டார்களாம். 634. முதல் பேட்ச். சந்தோஷம்.

பையனை யாரும் மறுபடி எழுதச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆனால் கோட்டுக்குக் கீழே விழுந்தவளைத்தான் இரண்டு முறை அளக்கிறோம், மேலே விழுந்தவனை ஒரே முறை. கேட்கத் தெரிந்த அம்மா இல்லாத பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல.

ஜூலை 13

இன்று எனக்கு அவமானம்.

அட்டை: குளத்தில் ஒரு வள்ளம் (சின்னப் படகு) மிதக்கிறது, அதில் ஒரு பெரிய கல். கல்லைத் தூக்கிக் குளத்தில் போட்டால் நீர்மட்டம் உயருமா, குறையுமா, மாறாதா? ஆறாம் டப்பா அட்டை. குளச்சல் பையன் ஒருவன் "குறையும்" என்றான். நான் விடைச்சீட்டைப் பார்த்து "தப்பு" என்று கீழ் டப்பாவுக்குக் கை நீட்டினேன். அவன் நகரவில்லை. "சாரே, கல்லு வள்ளத்தில இருக்கும்போது அதோட எடைக்கு வெள்ளத்தைத் தள்ளும். அடியில போனா அதோட பருமனுக்குத்தான் தள்ளும். எப்படி சாரே குறையாம இருக்கும்?" அவன் அப்பா வள்ளக்காரர். பக்கெட்டும் எவர்சில்வர் கிண்ணமும் அம்மிக் குழவியும் கொண்டுவந்து என் முன்னாலேயே போட்டுக் காட்டினான். குறைந்தது. குழவியை வீட்டில் கேட்காமல் எடுத்ததற்கு எனக்குத் தனியாகக் கிடைத்தது.

என் சீட்டில் "மாறாது" என்று இருந்தது. பக்கத்து அட்டை, நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் என்ன ஆகும், அதற்குத்தான் "மாறாது". இரண்டு விடையையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன்.

ஜூலை 14

இன்னும் கேவலம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வள்ளக் கேள்வி ஏன் ஆறாம் டப்பாவுக்குப் போனது? நாலு வருஷமாக அதை ரொம்பப் பேர் "தப்பு" போட்டதால். அவர்கள் தப்புப் போடவில்லை. மூத்த பிள்ளைகள் என் சீட்டை வைத்துத் திருத்தினார்கள், நான் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன். தப்பான விடையே அதைக் கடினமான கேள்வியாக ஆக்கியிருக்கிறது. ஒரு கேள்வியில் நன்றாகப் படிக்கிறவர்கள் அதிகம் தவறி, சுமாரானவர்கள் அதிகம் தப்பித்தால் முதலில் விடைக்குறிப்பைப் பார் என்பது அரிச்சுவடி. திருத்தின தாள்களில் பெயர் இருந்தது, நான் பார்க்கவில்லை.

காகிதத் தேர்வில் இந்தத் தப்பு வகுப்புக்கே பொது. எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். டப்பாவில் இது மேலே ஏறி வந்தவர்களுக்கு மட்டும் வைத்த கண்ணி. ஒவ்வொருவராக, தனித்தனியாக, சத்தமில்லாமல் விழுந்தார்கள். அட்டை கையில் இருந்ததால் ஒருவன் வாதாடினான். திரையில் வந்து மறைந்திருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

மூன்று வாரத்தில் அந்த அட்டை 9 பேருக்குப் போயிருக்கிறது. 7 பேரைக் கீழே அனுப்பியிருக்கிறேன். சாப்பிடாமல் படுத்த அந்தப் பிள்ளையும் அதில் ஒருத்தி. ஏழு பேரையும் சனிக்கிழமை வரச் சொல்லி, கேள்வி, என் விடை, சரியான விடை மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அவள் சாயங்காலமே வந்து படித்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"சாரே, அப்போ 7ம் டப்பாவில இருக்கிற அட்டைக்கெல்லாம் விடை சரிதானா?"

இப்போது ஒவ்வொன்றாக அவளே சரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். 12ல் 5 முடிந்தது.